வெறும் பாத்திரம் தராத மெஷின்

வாடகை வீட்டில் இருப்பவர்கள் கடைக்குப் போய் எதை வாங்கினாலும் இரண்டு விஷயத்தை விசாரிக்காமல் வாங்க மாட்டார்கள், சுவரில் ஆணி அடிக்க வேண்டியிருக்குமா என்பது ஒன்று, நாளைக்கே காலி பண்ணச் சொன்னால் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்பது இன்னொன்று. பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கப் போன சிவகனியும் அதைத்தான் கேட்டாள். ஆணியும் வேண்டாம், குழாயில் கை வைக்கவும் வேண்டாம், மூடியைத் திறந்து ஜக்கால் தண்ணீர் ஊற்றினால் போதும், கழுவின தண்ணீர் பின்னால் இருக்கிற ரப்பர் குழாய் வழியாக வாளியில் விழுந்துவிடும், இரண்டு பேர் பிடித்தால் எந்த மாடிக்கும் ஏற்றலாம், எந்த மாடியிலிருந்தும் இறக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். அது பாத்திரத்தை எப்படித் திருப்பிக் கொடுக்கும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது, பாவம்.

சிவகனிக்கு அந்த மெஷின் ஆடம்பரம் இல்லை. அவள் தொழில் பட்டுச்சேலை மடிப்பது. முகூர்த்தத்துக்கு முந்தின நாளே மணப்பெண்ணின் சேலையை வாங்கி, கொசுவத்தை அளந்து மடித்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால், விடியற்காலையில் அந்தப் பெண் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து அப்படியே கட்டிக்கொள்ளலாம். அந்த வட்டாரத்தில் கல்யாண மண்டபங்கள் அடுத்தடுத்து இருந்ததால் அவளுக்குக் கை ஓயாத வேலை. ஆனால் பாத்திரம் தேய்க்கிற சோப்பு அந்தக் கைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விரல் நுனியெல்லாம் வெடித்து, வெடித்த தோல் பட்டு நூலைப் பிடித்து இழுத்து, ஒரு மணப்பெண்ணின் மயில்கழுத்து நிறச் சேலையில் முழ நீளத்துக்கு ஒரு கோடு விழுந்தபோது, அந்தப் பெண்ணின் அம்மா பார்த்த பார்வையிலேயே சிவகனிக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. கையைக் காப்பாற்றாவிட்டால் தொழில் போய்விடும் என்று ஆன பிறகுதான் மெஷின் வந்தது.

மெஷின் படியேறி வந்தபோது ஹவுஸ் ஓனர் நீலமேகம் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டிருந்தார். அரசாங்க வேலையில் ரிட்டயர் ஆகிற வரைக்கும் சேர்த்ததையெல்லாம் போட்டு அவர் எழுப்பிய மாடி வீடு அது, கீழே அவரும் அவர் மனைவி புஷ்கலாவும், மேலே குடித்தனக்காரர்கள். மொட்டைமாடியில் வற்றல் காயப்போடக் கூடாது, மோட்டார் ஓடாத நேரத்தில் தண்ணீர் பிடிக்கக் கூடாது, கோலப்பொடி படியில் சிந்தக் கூடாது என்று படிக்கட்டு நெடுக அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார். எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டமான சைவச் சாப்பாட்டுக்கு மட்டும் அட்டை கிடையாது, அதற்கு அவருடைய மூக்கே போதும். அந்த மூக்கு தெருவுக்கே பிரசித்தம். கீழே நாற்காலியில் உட்கார்ந்தபடியே எந்த வீட்டு சாம்பாரில் இன்று முருங்கைக்காய், எந்த வீட்டில் தாளிப்பு தீய்ந்துவிட்டது, யார் வீட்டு மாவு ஒரு நாள் கூடுதலாகப் புளித்துவிட்டது என்று சொல்லிவிடுவார்.

வீடு கேட்டு வந்த அன்று சிவகனியின் பேரைக் கேட்டதுமே அவருக்குத் திருப்தி. "சைவம்தானே" என்று அவர் கேட்டதில் கேள்விகூட இல்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் கணவன் தர்மர் தலையை ஆட்டிவிட்டான், ஏற்கெனவே பல வீட்டில் அதே கேள்வியில் கதவு சாத்தப்பட்டிருந்தது. தூத்துக்குடிக்காரி, கடல் காற்றிலேயே வளர்ந்தவள், மீன் இல்லாத மத்தியானத்தை மத்தியானமாகவே மதிக்காத வீட்டில் பிறந்தவள், அன்றோடு அடுப்பில் மீனை மறந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஏறித் தன் சித்தி மகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, திரும்பும் வழியெல்லாம் ஏலக்காய் மென்று, மூச்சை அடக்கிக்கொண்டு அந்தப் படிகளை ஏறுவாள். லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்த தர்மருக்கு அந்தக் கஷ்டமில்லை, ஆபீஸ் பக்கத்து மெஸ்ஸில் தினமும் மீன்தான்; அதை நினைக்கும்போதெல்லாம் அவனோடு ஒரு சண்டை போட்டுக்கொள்வாள். மண்டபங்களை விட்டுத் தள்ளிப் போனால் வேலை போய்விடும், உண்மையைச் சொன்னால் வீடு போய்விடும், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் அந்த வீட்டில் குடியிருந்தாள்.

கரண்ட் அதிகம் இழுக்குமா, சுவர் அதிருமா, தரை நனையுமா என்று கேட்டுவிட்டு, அட்டைப் பெட்டியை ஒருமுறை முகர்ந்தும் பார்த்துவிட்டு நீலமேகம் வழிவிட்டார். சமையலறைப் பிளக் அந்த மெஷினுக்குத் தாங்காது, தாங்குகிற ஒரே பிளக் ஏசிக்காகப் படுக்கையறையில் இருந்தது, ஆகவே மற்றவர்கள் பீரோ வைக்கிற இடத்தில், கட்டிலின் கால்மாட்டில், சிவகனி வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷின் வந்து உட்கார்ந்தது.

முதல் நாள் அவள் காலைப் பாத்திரங்களைக் கம்பித் தட்டில் கவிழ்த்து அடுக்கி, ஜக்ஜக்காகத் தண்ணீர் ஊற்றி, பட்டனை அழுத்திவிட்டு ஒரு சேலையை மடித்து முடித்தாள். மெஷின் மழை பெய்கிற மாதிரிச் சத்தம் போட்டு, வாளியில் தண்ணீரை விட்டு, பீப் என்று கூப்பிட்டது. திறந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த டம்ளர் நிமிர்ந்திருந்தது, அதில் ஒரு கைப்பிடி சர்க்கரை இருந்தது. பக்கத்தில் இருந்த கிண்ணமும் நிமிர்ந்திருந்தது, அதில் வெதுவெதுப்பாக வெந்தயக் களி. சிவகனி ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள், வெல்லம் சரியாக இருந்தது. அடுத்த வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அவள் ஊரில் எந்த வீட்டிலும் கிடையாது, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். இந்த மெஷினும் நல்ல இடத்தில் பிறந்து வளர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, களியை வேறு கிண்ணத்துக்கு மாற்றி வைத்தாள். சாயங்காலம் வந்த தர்மர் அதைச் சாப்பிட்டுவிட்டு, மெஷினுக்கு எத்தனை வருஷம் கியாரண்டி என்று மட்டும் கேட்டான்.

இப்படித்தான் அது தொடங்கியது, தினமும் ஒரு கிண்ணத்தில் கூட்டு, ஒரு தட்டில் இரண்டு வடை, டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம், கரண்டியில்கூட ஒரு கரண்டி நெய் என்று அது திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. மெஷின் ஒழுங்காகக் கழுவவும் செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், சிவகனியின் விரல்கள் ஆறத் தொடங்கின. களியை ஒரு கிண்ணம் எதிர்வீட்டு வசுமதி டீச்சருக்குக் கொடுத்தாள், டீச்சர் கிண்ணத்தோடு கதையையும் வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டிலிருந்து ஒரு பழைய எவர்சில்வர் தூக்குக் கிண்ணத்தை எடுத்து வந்தார், இதையும் ஒருமுறை போட்டுப் பாரேன் என்றார். திறந்தபோது அதில் வாழைப்பூ வடை இருந்தது. டீச்சர் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"இது சாரதா சுட்ட வடை. கும்பகோணத்துல நாங்க குடியிருந்தப்போ பக்கத்து வீடு. இந்தக் கிண்ணத்துல நான் அவளுக்கு ரசம் குடுப்பேன், அவ வடை போட்டுத் திருப்பிக் குடுப்பா. அவ இப்ப எங்க இருக்காளோ."

அப்போதுதான் சிவகனிக்கு மெஷினின் கணக்கு விளங்கியது. அவளுக்கு வந்த வெந்தயக் களி மதுரையில் எதிர்வீட்டில் இருந்த ராக்கம்மாள் அக்காவின் கைப்பக்குவம், எலுமிச்சை சாதம் அதற்கப்புறம் குடியிருந்த வீட்டின் மாடிக்காரருடையது. வாடகைக்காரர்கள் ஊர் ஊராக, தெருத் தெருவாக மாறுகிறார்கள், ஒவ்வொரு முறையும் லாரியில் கட்டிலை ஏற்றுகிறார்கள், பீரோவை ஏற்றுகிறார்கள், பக்கத்து வீட்டை மட்டும் ஏற்ற முடியாமல் விட்டுவிட்டு வருகிறார்கள். அந்தப் பக்கத்து வீடுகளெல்லாம் பாத்திரத்தின் உள்ளே எங்கேயோ ஒட்டிக்கொண்டே வந்திருக்கின்றன, இத்தனை நாள் தேய்த்துத் தேய்த்தும் போகாமல் இருந்ததை இந்த மெஷின் எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

கட்டிடம் அதை ஏற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆகவில்லை. மோட்டார் போடுகிற நேரத்துக்குக் குடம் வைக்கிற மாதிரி மெஷின் ஓடுகிற நேரத்துக்குப் பாத்திரம் வைத்தார்கள், அவரவர் பாத்திரத்தோடு அவரவர் ஜக்குத் தண்ணீரும் கொண்டுவர வேண்டும் என்று டீச்சர் முறை வகுத்தார். வெள்ளிக்கிழமை யாரோ மெஷினுக்குக் குங்குமம் வைத்துவிட்டார்கள், அது பட்டனை மறைத்ததால் சிவகனி துடைத்துவிட்டாள். பேராசைக்காரர் ஒருவர் அண்டா கொண்டுவந்தார், அது உள்ளே நுழையவில்லை. மேல்மாடிக்காரர் கடையிலிருந்து ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத டிபன் கேரியரை நேரே கொண்டுவந்தார், எந்த வீட்டு வாசலையும் மிதிக்காத அந்தக் கேரியர் பளிச்சென்று கழுவி வெறுமனே வந்தது. பின்பக்கத்து வீட்டு அம்மாள் போட்ட ஒரு கிண்ணம் போட்ட அழுக்கோடு அப்படியே வந்தது; எல்லோரும் அவளைப் பார்க்க, அவள் கொஞ்ச நேரம் மெஷினைத் திட்டிவிட்டு, அப்புறம் மெதுவாக, அது தன் நாத்தனார் வீட்டுக் கிண்ணம், வாங்கி வந்து வருஷக்கணக்காகத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. பரண்கள் திறந்தன, சாக்குப் பைகள் அவிழ்ந்தன, கல்யாண வீட்டில் மாறிப்போன தாம்பாளங்கள், பிரசவத்துக்குக் கஞ்சி கொண்டுவந்த தூக்குகள், அடியில் அடுத்தவர் பேர் வெட்டியிருந்தும் கண்ணுக்குத் தெரியாத மாதிரியே இருந்துவிட்ட சொம்புகள் எல்லாம் வெளியே வந்தன. பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஏறி உரியவர் வீட்டுக்குப் போயின, மெஷினுக்குப் பயந்தோ என்னவோ ஒன்றுகூட வெறுமனே போகவில்லை. அந்த வாரம் தெருமுனை மளிகைக் கடையில் சர்க்கரை தீர்ந்துபோனது. பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரு இட்லிக் குண்டானை நடுவில் வைத்துக்கொண்டு அழுதார்கள் என்று கேள்வி.

எல்லா வீட்டுக்கும் கிடைத்தது, ஒரு வீட்டுக்குத்தான் கிடைக்கவில்லை. நீலமேகத்தின் மனைவி புஷ்கலா டீச்சர் மூலமாக ஒரு வெண்கலக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டாள், அது தங்கம் மாதிரி மின்னிக்கொண்டு வெறுமனே வந்தது. மறுபடி ஒரு சொம்பு கொடுத்துவிட்டாள், அதுவும் வெறுமனே வந்தது. மூன்றாவதாக ஒரு தட்டைக் கொடுத்துவிட்டு, அது வெறும் தட்டாகத் திரும்பியபோது படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டே சிவகனியைப் பார்த்து, எங்க பாத்திரத்துக்கு மட்டும் என்னம்மா குறை என்று கேட்டாள். சிவகனிக்குப் பதில் தெரியும், அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புஷ்கலாவின் பாத்திரம் ஒன்றுகூடப் பண்டத்தோடு வாசல்படி தாண்டியதில்லை. நீலமேகத்துக்கு அடுத்த வீட்டுப் பண்டம் ஆகாது. கொடுத்தால் வாங்க வேண்டிவரும், வாங்கினால் எந்தச் சட்டியில் என்ன வெந்ததோ என்று விசாரிக்க வேண்டிவரும், எதற்கு வம்பு என்று அவர் வைத்த சட்டத்துக்கு அட்டைகூடத் தேவைப்படவில்லை.

சிவகனியிடமும் மெஷினுக்குள் போகாத ஒரு பாத்திரம் இருந்தது. அது அவள் அம்மா சீராகக் கொடுத்த தூக்குச்சட்டி. ஊரில் பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவின் கணவர் கடலுக்குப் போகிறவர். சிவகனியின் அம்மா அந்தத் தூக்கில் கொழுக்கட்டையோ பணியாரமோ போட்டுக் கொடுத்தால் அது திரும்பி வரும்போது எப்போதும் மீன் குழம்போடுதான் வரும். மெஷினின் கணக்கு தெரிந்த அன்றே அவள் அதைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள். சில நாள் மத்தியானங்களில் பரணைப் பார்த்தபடியே ரசம் சோறு சாப்பிடுவாள்.

ஆண்கள் வீட்டு வேலையில் ஒத்தாசை செய்யக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு தர்மர் ஒருவனே போதும். ஒரு லீவு நாளில் சிவகனி மண்டபத்துக்குப் போயிருந்த நேரம், தயிர் வாங்கப் பாத்திரம் தேடிப் பரண் வரைக்கும் ஏறி, அந்தத் தூக்கைக் கண்டெடுத்து, தயிர் வாங்கி வந்து, அதை வேறு கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு, அவள் வருவதற்குள் கழுவியும் வைத்துவிட்டால் சந்தோஷப்படுவாள் என்று மெஷினுக்குள் வைத்துப் பட்டனை அழுத்திவிட்டான்.

சிவகனி தெருமுனை திரும்பும்போதே அது அவள் மூக்குக்கு வந்துவிட்டது. மாங்காய் போட்டு, தேங்காய் அரைத்து ஊற்றின சாளை மீன் குழம்பு. ஒரு நொடி அவளுக்குத் தான் எந்த ஊரில் நடக்கிறோம் என்றே தெரியவில்லை, நாக்கில் ஊறிய எச்சிலோடு கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது; அடுத்த நொடி வீட்டை நோக்கி ஓடினாள். படிக்கட்டு முழுக்க ஆள். படுக்கையறை வாசலில் நீலமேகம் நிற்கிறார், மெஷினின் கதவு திறந்திருக்கிறது, தூக்கு விளிம்பு வரைக்கும் நிறைந்து ஆவி பறக்கிறது, தர்மர் கட்டிலின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டிருக்கிறான்.

"என் வீட்டுல மீன் சமைச்சிருக்கீங்க" என்றார் நீலமேகம்.

"சமைக்கல சார். கழுவுனாங்க, வந்துட்டு" என்றாள் ஓடி வந்த சிவகனி.

மெஷினின் வழக்கம் அவருக்கும் தெரியும், அதை அவர் மறுக்கவில்லை. அதனால்தான் அவர் கேள்வி நேரே வந்தது. இதில் இதற்கு முன்னால் மீன் போய் வந்திருந்தால்தானே இப்போது மீன் வரும், அப்படியானால் நீங்கள் யார் என்று கேட்டார். தர்மர் இந்த முறையும் தலையை ஆட்டுவதற்குத் தயாராகத்தான் இருந்தான், எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல் சிவகனியைப் பார்த்தான்.

"நான் மீன் திங்குதவ சார்" என்றாள் சிவகனி. "பிறந்ததுல இருந்து திங்குதேன். உங்க வீட்டுக்காக ஒரு வருசமா வாயக் கட்டிக்கிட்டு இருக்கேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லல, அது என் தப்பு. திங்குதது தப்பு இல்ல."

மாசக் கடைசிக்குள் காலி பண்ணிவிட வேண்டும் என்று அவர் சொன்னார், யாராவது பரிந்து பேசினால் காட்டுவதற்கு ஆதாரமாக அந்தத் தூக்கு தன்னிடம் இருக்கட்டும் என்றார். சிவகனி குழம்பை ஒரு சட்டிக்கு மாற்றிக்கொண்டுதான் தூக்கைக் கொடுத்தாள். அவர் அதைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டதால் அவள் கதவைக்கூடச் சாத்தாமல் உட்கார்ந்து, அந்தக் குழம்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து, முள்ளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துத் திருப்தியாகச் சாப்பிட்டாள். ஒரு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

அடுத்த நாளிலிருந்து வீடு தேடினாள். போன இடத்திலெல்லாம் அவர்கள் கேட்பதற்கு முன்னால் அவளே, நாங்க மீன் சாப்பிடுவோம், சம்மதமா என்று கேட்டாள், கேட்ட வேகத்தில் பல கதவு மூடிக்கொண்டது, மூடாத கதவுகள் மண்டபங்களிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தன. வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக வரப்போகிற நேரம். வசுமதி டீச்சர் நீலமேகத்திடம் பேசிப் பார்த்தார், அவர் ஜன்னல் திண்டில் கம்பிக்கு வெளியே வைத்திருந்த தூக்கைக் கையால் காட்டினார். கட்டிடமே முகத்தைத் தொங்கப்போட்டது, மெஷின் போவதற்காகப் பாதி, சிவகனி போவதற்காகப் பாதி. மெஷினை மட்டும் விட்டுவிட்டுப் போகலாமே என்று மேல்மாடிக்காரர் கேட்டு, டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். சிவகனி சாமான்களைக் கட்டத் தொடங்கினாள்.

கீழே புஷ்கலாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இன்னொரு வீட்டுப் பாத்திரம் தன் ஜன்னலில் இருக்கிறது, அவள் கல்யாண வாழ்க்கையில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. அதைக் கழுவி வைத்தாள், துடைத்து வைத்தாள், மறுநாள் மறுபடி கழுவினாள். இதைக் கொடுத்துவிடலாமே என்று கணவனிடம் கேட்டாள், கொடுப்பதென்றால் ஏதாவது போட்டுத்தானே கொடுக்க வேண்டும் என்றும் கேட்டாள். ஆதாரத்தில் யாராவது பண்டம் போடுவார்களா என்று நீலமேகம் கத்தினார். அப்படியா, சரி, உங்கள் ஆதாரத்தை நான் தொடவில்லை என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள்.

மறுநாள் காலையில் சிவகனி மெஷினின் தண்ணீரை வடித்து, ரப்பர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது படியில் ஒரு மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்தபடி, முழங்கால் வலிக்கு ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று, தன் வீட்டு மாடிக்குப் பல வருஷம் கழித்து ஏறி வந்தாள் புஷ்கலா. மற்ற கையில் அந்த வெண்கலக் கிண்ணம், மேலே ஒரு வாழையிலைத் துண்டு.

"பாசிப்பருப்புப் பாயசம்" என்றாள். "என் கையால முதல் முதலா வெளிய குடுக்கறேன். இது என் கிண்ணம், சிவகனி. இதத் திருப்பித் தராம நீ எங்கயும் போகக் கூடாது."

சிவகனிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதால் பாயசத்தில் விழும் என்று அடக்கிக்கொண்டாள். புஷ்கலாவைக் கட்டிலில் உட்கார வைத்து, அவள் எதிரிலேயே ஒரு துளி மிச்சம் வைக்காமல் குடித்தாள். பிறகு சுருட்டின குழாயைப் பிரித்து, மறுபடி தண்ணீர் ஊற்றி, அந்த ஒரே ஒரு கிண்ணத்தை நடுவில் கவிழ்த்து வைத்துப் பட்டனை அழுத்தினாள்.

மெஷின் அன்றைக்கு ஓடின ஓட்டம் வேறு. மழைச் சத்தம் போய் அடைமழைச் சத்தமாகி, வாளி நிறைந்து இன்னொரு வாளி வைத்து, கட்டில் கால் நடுங்கி, அதற்குள் கட்டிடமே வந்து வாசலில் கூடிவிட்டது. பீப் என்றதும் சிவகனி திறந்தாள். கிண்ணம் நிமிர்ந்திருந்தது. அதில் கொதிக்கக் கொதிக்க மிளகுக் குழம்பு. எடுத்து ஒரு பாத்திரத்தில் ஊற்றினாள், ஊற்றி முடித்ததும் கிண்ணத்தில் அவரைக்காய்ப் பொரியல் இருந்தது. அதையும் மாற்றினாள், எள்ளுருண்டை வந்தது, அப்புறம் பிரண்டைத் துவையல், அப்புறம் திருவாதிரைக் களி, அப்புறம் சுண்டல், அப்புறம் அதிரசம், காலியாக்கக் காலியாக்க நிறைந்துகொண்டே இருந்தது. சிவகனி வீட்டுப் பாத்திரம் தீர்ந்து, டீச்சர் வீட்டுப் பாத்திரம் தீர்ந்து, மேல்மாடிக்காரரின் புது டிபன் கேரியருக்கும் விமோசனம் கிடைத்து, கட்டிவைத்த சாமான் மூட்டைகளையெல்லாம் அவிழ்த்துக் குண்டானும் தாம்பாளமும் வெளியே எடுத்து, படிக்கட்டு நெடுக வரிசையாக வைத்து நிரப்பினார்கள்.

வாசனை கீழே இறங்கிப் போய் நீலமேகத்தை நாற்காலியிலிருந்து எழுப்பியது. என்ன அநியாயம் நடக்கிறது என்று கேட்பதற்காகத்தான் அவர் படியேறினார். முதல் படியில் இருந்த குண்டானைத் தாண்டும்போது நின்றார்.

"இது சுந்தரவல்லி வீட்டு மிளகுக் குழம்பு" என்றார் யாரிடமும் இல்லாமல். "முதல் முதலா குடிவந்தவங்க."

அடுத்த படியில் குனிந்து, இது ராணுவத்தில் இருந்து ரிட்டயரான அந்த மனிதர் வீட்டு அதிரசம் என்றார். அடுத்த படியில் எள்ளுருண்டை, அது தறிக்காரர் வீட்டுடையது, மூன்று பெண் குழந்தைகள், சனிக்கிழமை தோறும் செய்வார்கள். இது பின்பக்கம் இருந்த கம்பவுண்டர் மனைவியின் பிரண்டைத் துவையல், பிரசவத்துக்குப் போனவள் திரும்பி வரவேயில்லை. அவர் படிப்படியாக ஏறிக்கொண்டே, அந்த வீட்டில் இருந்துவிட்டுப் போன ஒவ்வொரு குடித்தனத்தையும் பேர் சொல்லிக்கொண்டே வந்தார், ஒன்றில்கூடத் தவறவில்லை. இத்தனை வருஷமாக அத்தனை வீட்டு அடுப்பையும் மூக்கால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அவர். ஒருவர் கையாலும் ஒரு வாய் வாங்கித் தின்றதில்லை. அவர்கள் கொடுத்திருக்கக் கூடியது, புஷ்கலாவின் கிண்ணம் ஒரே ஒருமுறை வாசல் தாண்டியிருந்தால் அதில் போட்டுத் திருப்பியிருக்கக் கூடியது எல்லாம், ஒரு பருக்கை குறையாமல் வந்து அவர் படிக்கட்டில் காத்துக்கொண்டிருந்தது.

மாடிக்கு வருவதற்கு முன்னால் கடைசிப் படியில் அவர் உட்கார்ந்துவிட்டார், படியில் உட்காரக் கூடாது என்று அவர் எழுதிய அட்டைக்கு நேர் கீழே. புஷ்கலா வந்து ஒரு எள்ளுருண்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் தின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று தின்றார். பிறகு துவையல், பிறகு களி. துவையலில் உப்புக் கொஞ்சம் தூக்கல், இது வாசனையில் தெரியவில்லையே என்று அவர் சொன்னபோது கட்டிடமே சிரித்தது, கொஞ்சம் தாமதமாக அவரும் சிரித்தார். அன்று தெருவில் எந்த வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. கடைசியாகக் கிண்ணம் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு நின்றது, அதை அப்படியே சிவகனி புஷ்கலாவிடம் கொடுத்தாள்.

அடுத்த நாள் காலை கதவு தட்டப்பட்டது. நீலமேகம் நின்றுகொண்டிருந்தார், கையில் சிவகனியின் தூக்குச்சட்டி. இந்த முறை அதைத் தள்ளிப் பிடிக்கவில்லை, இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"இந்தாம்மா உன் தூக்கு" என்றார். "வெறுமனே குடுக்கக் கூடாதாமே."

திறந்து பார்த்தாள். கழுத்து வரைக்கும் சர்க்கரை. ஒரு சிட்டிகை போதும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது, பழக்கம் இல்லாதவர்.

மாசக் கடைசி பற்றி அவள் கேட்டாள். அவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு, "பாத்திரம் போக்குவரத்து ஆயிடுச்சு, இனிமே எப்படிக் காலி பண்றது" என்று சொல்லிவிட்டு, இறங்கும்போதே அட்டைகள் சிலவற்றை அவிழ்த்துக்கொண்டு போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவகனி ரயில் ஏறவில்லை. மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிர மீன் வாங்கி, பையை மறைக்காமல் தெரு நடுவில் வீசி நடந்து வந்து, மசாலா தடவி ஊறவைத்து, தன் வாடகை வீட்டுச் சமையலறையின் ஜன்னலை அகலத் திறந்து வைத்து, ஆறிப்போன விரல்களால் ஒவ்வொரு துண்டாகக் கல்லில் போட்டாள். எண்ணெய் சத்தம் போட்டது, வாசனை ஜன்னல் வழியாக இறங்கிக் கீழே போனது. கீழே நாற்காலியில் இருந்த நீலமேகம் மூக்கை உயர்த்தி ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"புஷ்கலா, ஒரு பக்கம் கருகப் போவுது. திருப்பிப் போடச் சொல்லு."